எஞ்சின் எங்கே இருக்கிறது?



நாசரேத் ரயில் நிலைய வாசலிலோ, குரும்பூர் சாலையிலோ மாருதி ஆம்னி வேன் ஒன்றை நீங்கள் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். பெட்டி போன்ற உருவம். மூக்கே இல்லாத முகம். மற்ற கார்களில் முன்மூடியைத் திறந்தால் எஞ்சின் தெரியும். ஆம்னியில் எஞ்சினைப் பார்க்க வேண்டுமானால் முன் இருக்கையைத் தூக்க வேண்டும். அது இருக்கைக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது!

உலகத்தின் மிக வேகமான பந்தயக் கார்களிலும் எஞ்சின் முன்மூக்கில் இல்லை. ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால், பின் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்கிறது. எஞ்சினின் எடை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே அமைந்த வண்டியை 'நடு எஞ்சின் வண்டி' என்கிறோம். அந்த வகையில் லட்சக்கணக்கில் விலை போகும் விளையாட்டுக் காருக்கும் நம் ஊர் ஆம்னிக்கும் ஓர் உறவு உண்டு. இந்த உறவின் இயற்பியலைப் புரிந்துகொண்டால், பழைய வண்டி ஒன்றை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டும் என்பதும் புரியும்.

ஓர் எஞ்சின், மூன்று இடங்கள்

மாருதி 800 கார் 1983 டிசம்பரில் வெளிவந்தது. அதில் 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள மூன்று சிலிண்டர் எஞ்சின் முன்மூக்கில் குறுக்காக வைக்கப்பட்டது. 1984-இல் மாருதி வேன் வந்தது. பின்னர் 1988-இல் இதற்கு 'ஆம்னி' என்று பெயர் மாற்றினார்கள். அதே வகை 796 க.செ.மீ. எஞ்சின், இங்கே முன் இருக்கைக்கு அடியில்.

மூன்றாவது இடம் நம் தமிழ்நாட்டிலேயே பிறந்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன் 1980-களின் இறுதியில், மாருதி எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் பொருத்தி, ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். 'பார்முலா மாருதி' என்பது அதன் பெயர். விலை குறைந்த அந்தக் காரில் பல இளைஞர்கள் பந்தயம் பழகினார்கள். பின்னாளில், 2005-இல், உலகப் பார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயனும் திருப்பெரும்புதூர்ப் பந்தயத் தடத்தில் பார்முலா மாருதியில்தான் தொடங்கினார். கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். கோவையிலுள்ள 'கரி மோட்டார் ஸ்பீட்வே' அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஒரே வகை எஞ்சின். ஆனால் வைத்த இடம் மாறியதும் வண்டியின் குணமே மாறிவிட்டது. ஏன்?

மீட்டர் அளவுகோலில் ஒரு சோதனை

நூறு கிராம் எடைக்கற்கள் இரண்டையும் ஒரு மர மீட்டர் அளவுகோலையும் எடுத்துக்கொள்ளுங்கள். அளவுகோலின் நடுவைப் பிடித்துக்கொண்டு, கற்களை நடுவிலிருந்து 5 செ.மீ. தூரத்தில் இருபுறமும் கட்டுங்கள். இப்போது கையை இடமும் வலமும் வேகமாகத் திருப்பிப் பாருங்கள். எளிதாகத் திரும்பும். அடுத்து அதே கற்களை 45 செ.மீ. தூரத்தில் இரு முனைகளிலும் கட்டித் திருப்புங்கள். மணிக்கட்டு வலிக்கும்!

மொத்த நிறை மாறவில்லை. மாறியது 'நிலைமத் திருப்புத்திறன்'. ஒவ்வொரு துகளின் நிறையையும், சுழல் அச்சிலிருந்து அதன் தூரத்தின் வர்க்கத்தையும் பெருக்கிக் கூட்டினால் கிடைப்பது இது. அளவுகோலின் நிறையும் நூறு கிராம் என்று கொண்டால், முதல் நிலையில் இதன் மதிப்பு 0.0088 கி.கி.மீ², இரண்டாம் நிலையில் 0.0488 கி.கி.மீ². ஏறத்தாழ ஐந்தரை மடங்கு!

காரும் இப்படித்தான். எஞ்சினும் பல்சக்கரப் பெட்டியும் சேர்ந்து 200 கி.கி. என்று வைத்துக்கொள்வோம். அவை காரின் ஈர்ப்பு மையத்திலிருந்து 1.5 மீட்டர் தள்ளி இருந்தால் அவற்றின் பங்கு 450 கி.கி.மீ². அரை மீட்டர் தூரத்தில் இருந்தால் வெறும் 50. ஒன்பதில் ஒரு பங்கு! ஆகவே நடு எஞ்சின் கார், ஓட்டுநர் கைச்சக்கரத்தைத் திருப்பிய உடனே வளைவில் திரும்புகிறது. மேலும், விளையாட்டுக் காரில் எடையின் பெரும்பகுதி இயக்கு சக்கரங்களான பின் சக்கரங்களின்மேல் விழுகிறது. செங்குத்து விசை கூடினால் உராய்வு விசையும் கூடும் அல்லவா? எனவே புறப்படும்போது பின் சக்கரங்கள் வீணாகச் சுழலாமல் தரையைப் பற்றிக்கொள்கின்றன.

ஜெர்மனியின் ஆட்டோ யூனியன் நிறுவனம் 1934-இலேயே 16 சிலிண்டர் எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்துப் பந்தயக் கார் செய்தது. 1959-இல் ஜாக் பிரபாம் என்னும் ஆஸ்திரேலியர், சிறிய கூப்பர் காரில் உலகச் சாம்பியன் ஆனார். அதன் எஞ்சின் அவர் முதுகுக்குப் பின்னால். 1960-க்குப் பிறகு முன் எஞ்சின் கார் எதுவும் உலகச் சாம்பியன் பட்டத்துக்குரிய கிராண்ட் பிரி பந்தயத்தில் வென்றதில்லை. பந்தயத் தடத்திலிருந்து இவ்வமைப்பு சாலைக்கும் வந்தது. இத்தாலியின் லம்போர்கினி மியூரா 1966-இலும், ஃபியட் எக்ஸ் 1/9 1972-இலும், ஜப்பானின் டொயோட்டா எம்.ஆர்.2 1984-இலும் தோன்றின.

இருபுறமும் கூரான கத்தி

எளிதில் திரும்பும் வண்டி எளிதில் சுழலவும் செய்யும். இங்கேதான் ஆபத்து.

1000 கி.கி. நிறையுள்ள ஒரு கார் வளைவில் செல்கிறது. ஓட்டுநர் பயந்துபோய்ப் பிரேக்கை மிதிக்கிறார். வேகம் வினாடிக்கு வினாடி 3 மீட்டர்/வினாடி வீதம் குறைகிறது. ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 0.5 மீட்டர் உயரத்தில் உள்ளது. அச்சுகளுக்கு இடையே 2.5 மீட்டர். நிறையை எதிர்முடுக்கத்தாலும் உயரத்தாலும் பெருக்கி, அச்சு இடைவெளியால் வகுத்தால் 600 நியூட்டன் வரும். அதாவது ஏறத்தாழ 61 கி.கி. எடை பின் சக்கரங்களிலிருந்து முன் சக்கரங்களுக்கு மாறிவிடுகிறது. பின் டயர்களின் பிடிப்பு தளர்கிறது. பின்புறம் கனமாக இருப்பதால் அது வெளிப்பக்கம் வீசப்படுகிறது. நிலைமத் திருப்புத்திறன் குறைவு. ஆகவே, சுதாரிப்பதற்குள் கார் பம்பரமாகிவிடுகிறது.

பழைய நடு எஞ்சின் விளையாட்டுக் காரை வாங்குவோர் முதலில் டயரைப் பார்ப்பது இதனால்தான். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் குறைக்கக் கூடாது என்று அதை ஓட்டுவோருக்குக் கற்பிப்பதும் இதனால்தான்.

இதே சூத்திரத்தை ஆம்னிக்கும் பொருத்துங்கள். அதன் அச்சு இடைவெளி 1.84 மீட்டர்தான். வகுக்கும் எண் சிறியது, உயரமோ அதிகம். ஆகவே பிரேக் போட்டால் எடை மாற்றம் விளையாட்டுக் காரைவிடக் கூடுதல்! கூரைமேல் மூட்டை ஏற்றினால் இன்னொரு அபாயமும் சேர்கிறது. இரு பக்கச் சக்கரங்களுக்கு இடையே 1.2 மீட்டர் என்று கொள்வோம். ஈர்ப்பு மையம் 0.6 மீட்டர் உயரத்தில் இருந்தால், பக்கவாட்டு முடுக்கம் புவிஈர்ப்பு முடுக்கத்துக்குச் சமமானால்தான் வண்டி கவிழும். அதற்கு முன்பே டயர் வழுக்கிவிடும். மூட்டைகளால் மையம் 0.8 மீட்டருக்கு உயர்ந்தால், முக்கால் பங்கு முடுக்கமே கவிழ்க்கப் போதும். உலர்ந்த சாலையில் நல்ல டயர் அவ்வளவு பிடிப்பைத் தரக்கூடியது. ஆகவே வண்டி வழுக்குவதற்குப் பதிலாகக் கவிழ்ந்துவிடலாம்.

முன்னால் மூக்கு இல்லாததால் மோதலின்போது நசுங்கி அதிர்ச்சியைத் தாங்க ஆம்னியில் இடமும் குறைவு. மோதல் பாதுகாப்பு விதிகள் கடுமையானபோது, 2019-இல் ஆம்னியின் தயாரிப்பு நின்றது. ஆகவே இன்று சந்தைக்கு வரும் ஒவ்வோர் ஆம்னியும் பழைய வண்டிதான்.

வாங்கும் முன் சோதனைகள்

உங்கள் வீட்டில் பழைய வேன் வாங்கப் பேச்சு நடக்கிறதா? அப்பாவோ மாமாவோ வண்டியைப் பார்க்கப் போகும்போது நீங்களும் உடன் செல்லுங்கள். பள்ளியில் படித்த பாடம் அங்கே பணமாகும்.

முதலில் ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். கதவுகளின் கீழ்ப்பகுதி, சக்கர வளைவு ஆகியவற்றில் அதை வைத்துப் பாருங்கள். இரும்புத் தகடாக இருந்தால் இறுகப் பற்றும். துரு தின்ற ஓட்டையைப் பட்டி வைத்து மூடிப் பெயிண்ட் அடித்திருந்தால் காந்தம் பற்றாது, நழுவும். விரலால் தட்டிப் பாருங்கள். ஓசையும் மந்தமாக இருக்கும்.

நம் பகுதியில் இச்சோதனை மிக அவசியம். இரும்பு துருப்பிடிப்பது ஒரு மின்வேதி நிகழ்ச்சி. உப்புநீர் சிறந்த மின்பகுளி, துருவை விரைவுபடுத்துகிறது. ஆறுமுகநேரி உப்பளப் பக்கம் ஓடிய வண்டியும், கடற்கரையிலிருந்து மீன் பெட்டி ஏற்றிய வண்டியும் வெளியே பளபளக்கலாம். உள்ளே அடித்தளம் அரித்திருக்கலாம். தரை விரிப்பைத் தூக்கிப் பார்க்கத் தயங்காதீர்கள்.

இரண்டாவது, டயர். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் அந்த டயர் ஆகாது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரத்தின் நேரமைவு கெட்டிருக்கிறது, அல்லது வண்டி எங்கோ மோதியிருக்கிறது.

மூன்றாவது, வெப்பம். நடு எஞ்சின் வண்டியில் எதிர்க்காற்று எஞ்சின்மேல் நேராகப் படுவதில்லை. பல விளையாட்டுக் கார்களில் ரேடியேட்டர் முன்மூக்கிலும் எஞ்சின் பின்னாலும் இருக்கும். நீண்ட குழாய்களில் நீர் ஓட வேண்டும். எங்காவது காற்றுக்குமிழி தங்கினாலோ குழாய் அரித்திருந்தாலோ எஞ்சின் கொதித்துவிடும். வண்டியை அரை மணி நேரமாவது ஓட்டிய பிறகு வெப்பமானியின் முள்ளைக் கவனியுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் வளிமண்டலத்தைவிட 0.9 பார் கூடுதலாக இருந்தால் நீரின் கொதிநிலை ஏறத்தாழ 118 டிகிரி செல்சியஸ். மூடியைத் திறந்ததும் அழுத்தம் குறைந்து, நீர் ஒரே கணத்தில் கொதித்து முகத்தில் பீறிடும்.

நான்காவது, எல்லாவற்றிலும் முக்கியமானது. வண்டியில் எரிவாயு இணைப்பு இருக்கிறதா? இருந்தால், அது ஆர்.சி. புத்தகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். சமையல் எரிவாயு உருளையைத் திருட்டுத்தனமாக இணைத்த வண்டியை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், தொடாதீர்கள். எல்.பி.ஜி. வாயுவின் மூலக்கூறு எடை புரொப்பேனுக்கு 44, பியூட்டேனுக்கு 58. காற்றுக்கு சராசரி 29. எனவே கசிந்த வாயு மேலே பறந்து போகாது, கீழே தேங்கும். ஆம்னியில் சூடான எஞ்சின் இருப்பது எங்கே? இருக்கைக்கு அடியில், மனிதர்களுக்கு நடுவில்! ஒரு பொறி போதும்.

ஐந்தாவது, காகிதங்கள். அடிச்சட்ட எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்.சி.யிலுள்ள எண்களோடு ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். சொந்த வண்டியின் பதிவு முதலில் 15 ஆண்டுகளுக்கு. பிறகு தகுதிச் சோதனை செய்து புதுப்பிக்க வேண்டும். அச்செலவையும் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும்.

எடை மேடையில் ஓர் ஆய்வு

லாரிகளை நிறுக்கும் எடை மேடையில் வேனை நிறுத்த முடிந்தால் அருமையான ஆய்வு ஒன்றைச் செய்யலாம். முதலில் முன் சக்கரங்களை மட்டும் ஏற்றுங்கள், 440 கி.கி. காட்டுகிறது என்று கொள்வோம். பிறகு முழு வண்டி, 800 கி.கி. எனவே பின் சக்கரங்களில் 360. திருப்புத்திறன் விதிப்படி, ஈர்ப்பு மையம் முன் அச்சிலிருந்து 1.84 × 360 ÷ 800, அதாவது 0.83 மீட்டர் தூரத்தில் உள்ளது.

இப்போது 40 கி.கி. எடையுள்ள ஆறு பிள்ளைகள் பின் அச்சுக்கு நேர்மேலே அமர்கிறார்கள். பின்னால் 600, மொத்தம் 1040. ஈர்ப்பு மையம் 1.06 மீட்டருக்கு நகர்ந்துவிட்டது. 23 செ.மீ. பின்னே! முன் சக்கரத்தின் எடை மாறவில்லை. ஆனால் அது வழிநடத்த வேண்டிய வண்டி மட்டும் 240 கி.கி. கனத்துவிட்டது. நிறுத்துவதற்கு வேண்டிய விசையும் அதே விகிதத்தில் கூடும்.

நாளைக் காலை பள்ளிக்கு வரும் வேனில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ணுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் எத்தனை பேருக்கு அனுமதி என்று கேட்டறியுங்கள். பன்னிரண்டு பேர் ஏறினால் ஈர்ப்பு மையம் எங்கே போகும் என்று மேற்கண்ட முறையில் கணக்கிட்டு, விடையை உங்கள் வீட்டில் பெரியவர்களுக்குக் காட்டுங்கள்.