சாவடிக்கு நோட்டு, ஆபீசுக்கு மூளை

2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்களில் இருந்த சுமார் 1.3 டெராபைட் தரவை ஹேக்கர்கள் பூட்டினார்கள். வலைப்பின்னலைச் சரிவரத் தடுத்துப் பிரிக்காததே அவர்களுக்கு வழிவிட்டது என்று மத்திய அரசு பிறகு மாநிலங்களவையில் சொன்னது. இந்த நோய்க்கு மருந்தாக விற்கப்படும் சரக்குகளில் ஒன்று எஸ்டிஎன், அதாவது மென்பொருளால் ஆளப்படும் வலைப்பின்னல். விளம்பரத்தைக் கழித்த பிறகும் அதில் ரசிக்க ஒரு சங்கதி மிஞ்சுகிறது.

வழக்கமான சுவிட்சுகளும் ரூட்டர்களும் தாமே முடிவெடுப்பவை. எஸ்டிஎன் அந்த மூளையைப் பிடுங்கி, கன்ட்ரோலர் என்ற மென்பொருளிடம் கொடுத்துவிடுகிறது.

ஒரு உவமை: கேரளத்தில் விதுராவிலிருந்து போனக்காடு எஸ்டேட்டுக்குப் போகும் வழியில், காணித்தடத்தில் வனத்துறையின் சோதனைச்சாவடி இருக்கிறது. அங்குள்ள காவலருக்குச் சொந்த யோசனையே கூடாது, ஒரு நோட்டு மட்டும்தான் என்று வைத்துக்கொள்வோம். நோட்டில் உள்ள வண்டியை எழுதியிருக்கிறபடி விடுவார் அல்லது திருப்புவார். புது வண்டி வந்தால் ரேஞ்ச் ஆபீசுக்குப் போன். வந்த பதிலை நோட்டில் ஏற்றிக்கொள்வார். அடுத்த முறை போன் வேண்டாம். காவலர்தான் சுவிட்ச், வண்டி தரவுப் பொதி, ஆபீஸ் கன்ட்ரோலர். ஆபீசில் உட்கார்ந்து அந்தப் பதிலைத் தீர்மானிப்பதுதான் பாதுகாப்புச் செயலி. மறிப்பதோடு அது நிற்க வேண்டியதில்லை. வேவு பார்க்கிற வண்டியை, நிஜம்போல ஜோடித்த போலி எஸ்டேட்டுக்கு அனுப்பவும் சொல்லலாம். 2013இல் வெளியான ஃப்ரெஸ்கோ என்ற எஸ்டிஎன் பாதுகாப்புக் கட்டமைப்பு, ஹேக்கரை இப்படித்தான் பொறிக்குள் திருப்பிவிட்டுக் காட்டியது.

வரலாறு கொஞ்சம்: 2007இல் ஸ்டான்ஃபோர்டில் மார்ட்டின் கசாடோ குழுவின் ஈத்தேன் என்ற வலைப்பின்னல் வடிவமைப்பு, 2008இல் கன்ட்ரோலரும் சுவிட்சும் பேசிக்கொள்ளும் நெறிமுறையான ஓப்பன்ஃப்ளோ. 2012இல் கசாடோவின் நிசிரா நிறுவனத்தை விஎம்வேர் 126 கோடி டாலருக்கு வாங்கியது. ஆரவாரம் அதோடு உச்சத்துக்குப் போனது.

சுவாரசியம் இனிமேல்தான். சாவடிக்கே திரும்புவோம். பேய்க்கதைக்குப் பேர்போன போனக்காடு பங்களாவுக்கு ஒரு குறிப்பிட்ட வண்டி போகக்கூடாது என்பது ஆபீசின் தடை, அதாவது ஃபயர்வால் விதி. அதே ஆபீசில் உள்ள இன்னொரு செயலி மூன்று விதிகள் எழுதுகிறது. முதல் சாவடியில் வண்டியின் நம்பரை மாற்று. அடுத்ததில், போகுமிடத்தைப் பங்களா என்று திருத்து. மூன்றாவதில், அந்தப் புது நம்பரைப் பங்களாவுக்கு விடு. தனித்தனியே எடுத்தால் ஒன்றுகூடத் தடையை மீறவில்லை. சேர்த்தால், தடுக்கப்பட்ட வண்டி பங்களா வாசலில் நிற்கிறது! பொதியின் முகவரியைத் திருத்துவது ஓப்பன்ஃப்ளோ சுவிட்சுக்கு அன்றாட வேலை என்பதால் ஃபயர்வாலுக்குச் சந்தேகமே வராது.

2012இல் ஃபோர்ட்நாக்ஸ் என்ற கன்ட்ரோலர் பாதுகாப்பு மென்பொருள் இதற்கு வழி கண்டது. புது விதி வரும்போதெல்லாம், ஒரு முகவரி எந்தெந்த வேஷம் போட முடியும் என்று அது கணக்கெடுக்கிறது. அத்தனை வேஷங்களையும் ஒரே ஆளாகக் கருதித் தடையோடு ஒப்பிடுகிறது. மோதினால், யாருடைய விதிக்கு அதிகாரம் அதிகம் என்று பார்த்து முடிவு செய்கிறது.

ஆனாலும் எதற்கும் ஆபீசைக் கேட்கும் எஸ்டிஎன் ஏற்பாடு புது ஓட்டை ஒன்றையும் திறந்துவிட்டது. அகஸ்தியர்கூடம் மலையேற்றத்துக்கு வருகிறவர்கள்போல முகம் தெரியாத வண்டிகள் சாவடியில் ஒரே நேரத்தில் குவிந்தால், போன் மணி அடித்தபடியே இருக்கும்; ஆபீஸ் திணறிவிடும். ஹேக்கருக்குப் போலி முகவரிகளை அள்ளி வீசினாலே போதும். ஃபோர்ட்நாக்ஸை உருவாக்கியவர்களில் சிலர் 2013இல் முன்வைத்த அவான்ட்-கார்ட், இணைப்பு கேட்பவர் நிஜ ஆள்தானா என்ற சோதனையைச் சுவிட்சிடமே ஒப்படைத்தது. பிடுங்கிய மூளையில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்பதை விளம்பரத் துண்டறிக்கைகளில் தேடினால் கிடைக்காது.