கூப்பிட்டது காதில் விழவில்லையா? டீன் ஏஜ் பிள்ளையைக் கொஞ்சம் விட்டுவிடுங்கள்!

"சாப்பிட வாடான்னு எத்தனை தடவைடா கூப்பிடறது?" அம்மா கத்துகிறார். வாசலில் பத்தாம் வகுப்புப் பையன், கழன்றுபோன சைக்கிள் செயினை மாட்டிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு நிஜமாகவே காதில் விழவில்லை.

இது திமிர் இல்லை. ஒரு வேலையில் தன்னை மறந்து மூழ்கிப்போகும் இந்த நிலைக்கு உளவியலில் 'ஃப்ளோ' என்று பெயர். பெயர் வைத்தவர், ஹங்கேரியக் குடும்பத்தில் பிறந்த அமெரிக்க உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாய்.

செல்போன் வராத காலத்தில் அவரும் ரீட் லார்சனும் சிகாகோ அருகே 75 டீன் ஏஜ் மாணவர்களிடம் பேஜர் கொடுத்தார்கள். ஒரு வாரம், எதிர்பாராத நேரத்தில் அது ஒலிக்கும். அந்த நிமிடம் என்ன செய்கிறோம், மனசு எப்படி இருக்கிறது என்று மாணவர்கள் குறித்துவைக்க வேண்டும். 1984-ல் இது புத்தகமாக வந்தது. டி.வி பார்க்கும்போது ஓய்வாக உணர்ந்தாலும் கவனம் குறைவாகவே இருந்தது. விளையாட்டு, இசை, கைவேலை என்று இறங்கியபோதுதான் கவனமும் ஆர்வமும் கூடின.

எப்போது வரும்?

கொஞ்சம் கஷ்டம் வேண்டும்: ரொம்ப சுலபம் என்றால் போரடிக்கும். ரொம்பக் கடினம் என்றால் பயம் வரும். 7 புள்ளிக் கோலம் தெரிந்த பெண்ணுக்கு அடுத்தது 9 புள்ளிதான், 21 புள்ளி அல்ல.

இலக்கு தெளிவாக இருக்கட்டும்: 'ஒழுங்காப் படி' என்பது இலக்கு இல்லை. 'இந்த 5 கணக்கு' என்பது இலக்கு.

பலன் உடனே தெரிய வேண்டும்: கேரம் காய் குழியில் விழுந்ததா என்று யாரும் சொல்லத் தேவையில்லை. கணக்கையும் போட்ட உடனே விடையோடு சரிபார்க்கச் சொல்லுங்கள்.

குறுக்கீடு கூடாது: போன் அடுத்த அறையில் இருக்கட்டும். நம் குரலும்தான்!

'ரீல்ஸ் பார்க்கும்போதும் நேரம் போறது தெரியலையே?' என்று கேட்கலாம். ஆனால், அதில் பிள்ளையின் திறமைக்கு வேலையே இல்லை. செயின் மாட்டியவனுக்கு ஒரு வேலை கைவந்திருக்கிறது. அடுத்த முறை இன்னும் சீக்கிரம் மாட்டுவான்.

அதற்காகச் சாப்பாடு, தூக்கத்தைத் தினமும் விட்டுவிட்டு ஒன்றிலேயே கிடந்தால் கவனிக்கத்தான் வேண்டும். மற்றபடி, இன்று இரவு கூப்பிடும் முன் ஒரு நிமிடம் எட்டிப் பாருங்கள். பிள்ளை எதிலாவது மூழ்கியிருந்தால், "முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?" என்று மட்டும் கேளுங்கள்.

தோசையைப் பத்து நிமிடம் கழித்து ஊற்றினால் ஒன்றும் ஆகிவிடாது.