தலைப்பெழுத்து யாருக்குச் சொந்தம்?

உங்கள் வீட்டு அலமாரியில் பழைய கல்யாணப் பத்திரிகை ஏதாவது கிடந்தால் எடுத்துப் பாருங்கள். "சௌபாக்கியவதி" என்று ஆரம்பித்து மணப்பெண்ணின் பெயர் இருக்கும். தகப்பனார் பெயர், பாட்டனார் பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் அதற்குக் காவலாகச் சுற்றி நிற்கும். ஆறு மாதம் கழித்து அதே பெண்ணுக்கு ஒரு கடிதம் வருகிறது. உறையின் மேல் பார்த்தால் தகப்பனாரைக் காணோம்! அவர் எழுத்து இருந்த இடத்தில் மாப்பிள்ளையின் எழுத்து உட்கார்ந்திருக்கிறது. கல்யாணத்தினால் ஒரு பெண்ணின் தலையெழுத்து மாறுகிறதோ இல்லையோ, தலைப்பெழுத்து மாறிவிடுகிறது!

மாற்றித்தான் ஆகவேண்டும் என்று சட்டம் ஏதாவது உண்டா? 1955ஆம் வருஷத்து ஹிந்து விவாகச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். பெண்ணின் பெயரைப் பற்றி அதில் பேச்சே இல்லை. எல்லாம் வழக்கம்தான்.

அந்த வழக்கமும் எல்லார் வீட்டிலும் ஒரே மாதிரி இருந்ததில்லை. எம்.எஸ். சுப்புலட்சுமியையே எடுத்துக் கொள்ளுங்கள். "எம்" என்பது மதுரை. "எஸ்" என்பது தாயார் சண்முகவடிவு. 1940ல் திரு. சதாசிவத்தை மணந்த பிறகும் மதுரை போகவில்லை, தாயாரும் போகவில்லை. எம்.எல். வசந்தகுமாரியின் "எல்" தாயார் லலிதாங்கிதான். சங்கீத உலகத்தில் பெயர் என்பது சம்பாதித்த சொத்து; அதில் கை வைக்க யாருக்குத் துணிவு வரும்? ஆனால் நாவலாசிரியை வை.மு. கோதைநாயகியின் கதை நேர்மாறு. சிறு பிராயத்திலேயே மணமாகிப் புக்ககம் வந்தவர், "வை.மு." என்பது கணவர் வீட்டு எழுத்து. 1925ல் "ஜகன்மோகினி" பத்திரிகையை ஏற்று நடத்தியதும், நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதியதும் அந்தப் பெயரில்தான். அந்தப் பெயரும் அவருடைய சொந்தப் பெயராகவே ஆகிவிட்டது. எனவே, மாற்றிக் கொண்டவள் அடிமை, மாற்றாதவள் அடங்காதவள் என்று கட்சி கட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை.

எனக்குக் கவலையெல்லாம் வேறு விஷயம். பாதி மாற்றி, பாதி மாற்றாமல் விட்டுவிடுகிறோமே, அதுதான்!

ர. கமலா என்று ஒரு பெண்ணைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். பள்ளிக்கூடச் சான்றிதழ், பட்டம் எல்லாம் ர. கமலா. கல்யாணம் ஆனதும் ரேஷன் கார்டில் சு. கமலா; ஆதாரிலும் அப்படியே. உத்தியோகத்தில் மட்டும் பழைய பெயர். பிராவிடண்ட் பண்டும் அதில்தான். பாங்கிக் கணக்கை யாரோ அவசரத்தில் "கமலா சுந்தரம்" என்று ஆரம்பித்து விட்டார்கள். இருபது வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை. பிறகு ஒரு நாள் தகப்பனாருடைய பூர்வீக வீடு பாகத்துக்கு வருகிறது. 2005ஆம் வருஷத்துச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அதில் பிள்ளையைப் போலவே பெண்ணுக்கும் பங்கு உண்டல்லவா? வாரிசுச் சான்றிதழில் இருப்பவள் ர. கமலா, பதிவு அலுவலகத்தில் கைநாட்டு வைக்க வந்திருப்பவளோ சு. கமலா. "இருவரும் ஒருவரே" என்று பிரமாணப் பத்திரம் எழுதி, நோட்டரியிடம் ஓடி, தன்னைத் தானே நிரூபிக்க வேண்டியிருக்கிறது! கூடப் பிறந்த அண்ணன் பக்கத்தில் நின்று சாட்சி சொன்னாலும் காகிதம் நம்புவதில்லை.

கடல் தாண்டினால் வேடிக்கை இன்னும் அதிகம். பாஸ்போர்ட்டில் வெறும் தலைப்பெழுத்து செல்லாது. விரித்து எழுத வேண்டும். நமக்கோ குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அந்தக் கட்டத்தில் தகப்பனார் பெயரைப் போட்டால், வெளியூரில் இவளை "மிஸஸ் ராமசாமி" என்று கூப்பிடுகிறார்கள். பாவம், ராமசாமி ஊரில் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்! சரி, காலியாகவே விடலாம் என்றால் அதிலும் சங்கடம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு நாடுகள், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுடன் சுற்றுலா விசாவில் வருகிறவர்களை அனுமதிக்க மாட்டோம் என்றன. பிறகு, இரண்டாவது பக்கத்தில் தகப்பனார் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று தளர்த்தின.

ஜப்பானியப் பெண்ணின் பாடு நம்மைவிடக் கஷ்டம். அங்கே தம்பதிக்கு ஒரே குடும்பப் பெயர் என்பது சிவில் சட்டத்தின் 750ஆம் பிரிவு. கணவனும் மனைவி பெயரை ஏற்கலாம்; ஆனால் நூற்றில் சுமார் தொண்ணூற்றைந்து தம்பதிகளில் மாறுவது மனைவியின் பெயர்தான். 2015லும் 2021லும் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றே சொல்லிவிட்டது.

நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கல்யாணமான பெண் பாஸ்போர்ட்டில் பெயரை மாற்ற வேண்டியதில்லை என்று 2017ல் பிரதம மந்திரியே அறிவித்தார். ஆகவே கல்யாணச் சந்தடி அடங்கியதும் இருவரும் உட்கார்ந்து பேசி, எந்தப் பெயர் என்று தீர்மானியுங்கள். மாமியார் என்ன நினைப்பாரோ என்று தயங்க வேண்டாம். அவரிடமும் இரண்டு பெயரில் காகிதங்கள் இருக்கும், கேட்டுப் பாருங்கள்! மாற்றுவதானால் எழுதுபொருள் அச்சுத் துறைக்கு விண்ணப்பித்து அரசிதழில் வெளியிட்டு, ஆதார் முதல் பாங்கி வரை எல்லாவற்றிலும் மாற்றிவிடுங்கள். மாற்றாவிட்டால் எதிலும் மாற்றாதீர்கள். கணவன் மனைவி என்று காட்டத் தலைப்பெழுத்து தேவையில்லை; அதற்குத் திருமணப் பதிவுச் சான்றிதழ் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2009ஆம் வருஷத்துச் சட்டப்படி அந்தப் பதிவு கட்டாயம். கல்யாணமான தொண்ணூறு நாளுக்குள் செய்துவிடுவது நல்லது. விண்ணப்பத்தில் உங்கள் பெயரின் ஸ்பெல்லிங்கை நீங்களே எழுதுங்கள். மாப்பிள்ளையிடம் விட்டுவிடாதீர்கள்!