எண்ணூரைக் கணினி எப்படிப் படிக்கிறது?

எண்ணூர்த் துறைமுகம் 2014 முதல் காமராஜர் துறைமுகம். ஊர்க்காரருக்கு இரண்டும் ஒன்றுதான். இணையத்தைப் படித்தே உலகைக் கற்கும் கணினிக்கு அவை தனித்தனி இடங்களாகத் தெரியலாம்.

இப்படி ஓயாமல் படிக்கும் கணினி ஒன்றை அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் டாம் மிட்செல் குழு 2010 ஜனவரியில் ஓடவிட்டது. பெயர் 'நெல்'. பின்னாளில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்த பார்த்தா தாலுக்தாரும் அதில் உழைத்தவர். நகரம், நிறுவனம், உணவு என நூற்றுக்கணக்கான வகைகளும், வகைக்குப் பத்துப் பதினைந்து உதாரணங்களும் கொடுத்தார்கள். மீதியை அதுவே தேடிக்கொள்ள வேண்டும். 'துறைமுகத்தில் நங்கூரமிட்டது' என்ற சொற்களுக்கு முன்னால் சென்னை வருவதைக் கண்டால், அதே இடத்தில் தூத்துக்குடி வரும்போது அதையும் துறைமுகம் என்று ஊகிக்கும். தூத்துக்குடியை வைத்து அடுத்த சொற்றொடரைப் பிடிக்கும்.

சிக்கலும் இங்கேதான். இணையதளங்கள் நம் கணினியில் விட்டுச்செல்லும் 'குக்கீ'யை அது தின்பண்டம் என்று எடுத்துக்கொண்டது. குக்கீயை அழிப்பதுபோல் கோப்பையும் அழிக்கிறார்களே, அப்படியானால் கோப்பும் தின்பண்டம்தான் என்று முடிவுகட்டியது! ஆறு மாதம் தனியே ஓடவிட்ட பிறகு ஆட்கள் உட்கார்ந்து திருத்தத் தொடங்கினார்கள்.

இப்படிப் படிக்கும் கணினியிடம் 'எண்ணூர் எண்ணெய்க் கசிவு' என்று கேட்டால்? 2017 ஜனவரி 28-இல் பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரு கப்பல்கள் மோதின. பெரிய பாதிப்பில்லை என்றே முதலில் செய்தி வந்தது. அடுத்த சில நாட்களில் எர்ணாவூர்க் கரையில் மீனவர்களும் தொண்டர்களும் கருங்குழம்பை வாளி வாளியாக அள்ளினார்கள். 2023 டிசம்பரில் வந்த எண்ணெய் வேறு: மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து கொசஸ்தலை முகத்துவாரத்துக்கு வந்தது. தேதியைத் தவறவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். முதல் நாள் செய்தி நூறு இடத்தில் நகலானால், கணினிக்கு அதுவே உண்மை. இன்றைய அரட்டைச் செயலிகளுக்கும் இந்த ஆபத்து உண்டு.

நெல் பெரும்பாலும் ஆங்கிலத்தையே படித்தது. காசிமேட்டு மீனவருக்குத் தெரிந்த கடல் அதில் ஏறவே இல்லை. திருவொற்றியூர், எண்ணூர் இளைஞர்களே, உங்கள் ஊரில் நடப்பதைத் தேதியோடும் ஆதாரத்தோடும் தமிழில் எழுதி வையுங்கள். முதல் செய்தி தவறென்றால் திருத்தத்தையும் எழுதுங்கள்.