நிலத்து யந்திரம் நீரில் ஓடுமா?

காவிரி ஒரு புறமும் கொள்ளிடம் மறு புறமும் ஓட, நடுவே தீவாக அமைந்திருப்பது திருவரங்கம். முக்கொம்பில் பிரியும் இவ்விரு ஆறுகளும் கல்லணைக்கு அருகே மீண்டும் நெருங்கி வருவதை நாம் அறிவோம். இடைப்பட்ட நிலத்திலும் படுகைகளிலும் வாழையும் நெல்லும் பயிரிடும் அங்கத்தினர்கள் நம்மிடையே பலர். அவர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "புல் வெட்டும் யந்திரமும் பம்பு எஞ்சினும் கொட்டகையில் சும்மா கிடக்கின்றனவே! அவற்றில் ஒன்றைச் சிறு படகில் பூட்டி, உரத்தையும் வாழைத்தாரையும் ஏற்றிச் சென்றால் என்ன?" என்பதே அது.

இக்கேள்வி நகைக்கத் தக்கதன்று. மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதி திறந்து ஜனவரி 28ஆம் தேதி மூடுவது மரபு. ஆறு வற்றிக் கிடக்கும் மாதங்களில் பம்பு எஞ்சினுக்கு ஓய்வில்லை. ஆறு நிறைந்து ஓடும் மாதங்களில் அது உறங்குகிறது. முதல் போட்டு வாங்கிய யந்திரம் உறங்குவதை எந்தக் குடியானவர்தான் விரும்புவார்? ஆகவே, இது எவ்வளவு தூரம் சாத்தியம், எங்கே ஆபத்து என்பதை ஆராய்ந்து பார்ப்போம்.

பிறர் கண்ட வழி

நிலத்தில் உழைக்கும் எஞ்சினை நீருக்கு மாற்றுவது புதிய யோசனை அல்ல. தாய்லாந்தில் 'நீண்ட வால் படகு' என்று பொருள்படும் பெயரால் வழங்கும் படகுகள் ஆறுகளிலும் கால்வாய்களிலும் நிறைய ஓடுகின்றன. எஞ்சினைப் படகின் பின்புறத்தில் ஒரு முளையின் மேல் நிறுத்தி, அதிலிருந்து நேராக ஒரு நீண்ட தண்டை நீரில் இறக்கி, அதன் நுனியில் விசிறியைப் பொருத்துகிறார்கள். இவ்வளவுதான் அதன் அமைப்பு.

வங்காள தேசத்தில் 1980களில் பெரும் மாறுதல் ஒன்று நிகழ்ந்தது. குழாய்க் கிணறுகளில் நீர் இறைப்பதற்கென்று வந்த சிறு டீசல் எஞ்சின்களை ஊர் மிஸ்திரிகளே நாட்டுப் படகுகளில் பூட்டத் தொடங்கினார்கள். துடுப்பையும் பாயையும் நம்பியிருந்த படகுகள் சில ஆண்டுகளுக்குள் எஞ்சின் படகுகளாக மாறின. வியட்நாமின் மீகாங் கழிமுகத்திலோ கதை தலைகீழாக நடந்தது. அங்கே 1960களின் தொடக்கத்தில், படகு மோட்டாரின் விசிறியை ஒரு தகரக் குழாய்க்குள் நுழைத்து, வயலுக்கு நீர் இறைக்கும் பம்பாக ஆக்கிக்கொண்டார்கள். எஞ்சினுக்கு நிலம் என்றும் நீர் என்றும் பேதமில்லை. சுழற்சியைக் கொடுப்பதே அதன் தொழில் என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

நம் நாகப்பட்டினக் கடற்கரையிலும் டீசல் எஞ்சினும் நீண்ட தண்டும் பூட்டிய கண்ணாடியிழைப் படகுகளைக் காணலாம்.

எந்த யந்திரம் ஏற்றது?

தோளில் மாட்டிப் புல் வெட்டும் யந்திரத்தையே பலரும் முதலில் நினைக்கிறார்கள். அதில் ஏற்கனவே ஒரு நீண்ட தண்டு இருப்பதே காரணம். வெட்டும் தகட்டைக் கழற்றிவிட்டு ஒரு சிறு விசிறியை மாட்டினால் படகு நகரத்தான் செய்யும். ஆனால் அந்த எஞ்சினின் சக்தி ஒன்று முதல் இரண்டு குதிரைச் சக்தியே; அதுவும் நிமிஷத்துக்கு ஏழாயிரம் சுற்றுக்கு மேல் ஓடினால்தான் கிடைக்கும். நீரோ காற்றைப் போன்றதன்று. பெரிய விசிறி மெதுவாகச் சுற்றினால் நீரை நன்றாகத் தள்ளும். சிறிய விசிறி மிக வேகமாகச் சுற்றினால், அதைச் சுற்றிலும் நீர் குமிழாகிப் பிடிமானம் விட்டுப் போகும். சத்தம் இருக்கும், ஓட்டம் இராது. மேலும், தண்டின் நுனியிலுள்ள கியர்ப் பெட்டி புல்லுக்கென்று செய்யப்பட்டது; நீருக்குள் மூழ்குவதற்கு அல்ல. கிரீஸ் கரைந்து, பேரிங் துருப்பிடித்து, சீக்கிரத்திலேயே அது கெட்டுவிடும்.

பம்புசெட் எஞ்சினும், களை எடுக்கும் பவர் வீடரின் எஞ்சினும் இதைவிட ஏற்றவை. இவற்றில் நிமிஷத்துக்குச் சுமார் 3600 சுற்றோ அதற்குக் குறைவாகவோ ஓடும் எஞ்சின்களே மிகுதி. தண்டைப் படுக்கைவாக்கில் சுழற்றுபவையாதலால், வளைக்கும் கியர் இல்லாமலே நீண்ட வாலை நேராக இணைக்கலாம். காற்றினால் குளிரும் எஞ்சினாயின் குளிர்விக்க நீரும் வேண்டியதில்லை. ஆனால் அதன் காற்று விசிறியைத் துணியாலோ தார்ப்பாயாலோ மூடிவிடலாகாது.

அமைக்கும் முறை

எஞ்சினை இரும்புச் சட்டத்தில் இறுக்கி, அச்சட்டத்தைப் படகின் பின்பலகையில் ஒரு முளையின் மேல் நிறுத்த வேண்டும். அம்முளை இடம் வலமாகத் திரும்பவும், மேலும் கீழும் சாயவும் வேண்டும். ஒரு பக்கம் எஞ்சின், மறு பக்கம் வால். இரண்டின் எடையும் தராசுத் தட்டுகளைப் போலச் சமன்பட்டால், ஒரு கையாலேயே ஓட்டலாம். ஆறு, ஏழடி நீளமுள்ள குழாய்க்குள் துருப்பிடிக்காத எஃகுத் தண்டு, அதைத் தாங்க இடையிடையே புஷ்கள், நுனியில் விசிறி, விசிறிக்கு வெளியே காவல் வளையம். தண்டில் மயிரிழைக் கோணல் இருந்தாலும் யந்திரம் முழுவதும் அதிரும். ஆகையால் இந்த ஒரு வேலையை மட்டும் தேர்ந்த லேத்துப் பட்டறையிலேயே செய்துகொள்ள வேண்டும். 1928 முதல் பொன்மலை ரயில்வே பட்டறையும், 1960கள் முதல் திருவெறும்பூர் கனரகத் தொழிற்சாலையும் இயங்கிவரும் திருச்சியில் அத்தகைய கைகளுக்குப் பஞ்சமில்லை.

மணல் திட்டும் ஆகாயத்தாமரையும் நிறைந்த நம் ஆற்றுக்கு நீண்ட வால் மிகப் பொருத்தம். ஆழம் குறைந்த இடத்தில் வாலைச் சற்று உயர்த்தினால் போதும். ஆனால் இரண்டு குறைகள் உண்டு. இந்த நேரடி அமைப்பில் பின்னோக்கிச் செல்ல வழியில்லை. கிளச்சு இல்லையெனில் எஞ்சின் கிளம்பிய கணமே விசிறியும் சுழலும். எனவே அருகில் யாரும் இல்லை என்று கண்ணால் கண்ட பிறகே கயிற்றை இழுக்க வேண்டும்.

பரிசலில் பூட்டலாமா என்று கேட்போருக்கு நம் பதில், கூடாது என்பதே. பரிசல் வட்டமானது, அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஓரத்தில் மோட்டார் தள்ளினால் அது முன்னே செல்வதற்குப் பதிலாகத் தன்னைத்தானே சுற்றும். அதன் மூங்கில் விளிம்பு எஞ்சினின் எடையையும் அதிர்வையும் தாங்காது. நீண்ட, தட்டையான அடியுடைய, பின்பலகை உள்ள படகே வேண்டும்.

வெள்ளத்தில் உதவாது

இனி நாம் சொல்லப்போவதே எல்லாவற்றிலும் முக்கியமானது. இந்த மோட்டாரை வெள்ள காலத்துக்கென்று எண்ணி யாரும் செய்யலாகாது.

கணக்கைப் பாருங்கள். நீரைக் கிழித்துச் செல்லும் 16 அடிப் படகு ஒன்று, மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர் வேகத்தை எட்டியதும் தன் அலையையே தான் ஏற முயல்வதுபோலத் திணறும். அதற்குமேல் எஞ்சினைப் பெரிதாக்கினாலும் பெட்ரோல்தான் தீரும். ஆற்று ஓட்டம் விநாடிக்கு இரண்டு மீட்டர் என்றால், அது மணிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல். எதிர்த்துச் செல்லும் படகுக்கு மிஞ்சுவது மூன்று கிலோமீட்டருக்கும் குறைவு. ஓட்டம் விநாடிக்கு மூன்று மீட்டரானால், எஞ்சின் முழு வேகத்தில் முழங்கிக்கொண்டிருக்கும்போதே படகு பின்னோக்கிப் போகும். மிதந்து வரும் ஒரு வாழைச் சருகு விசிறியில் சுற்றினால் அந்தப் பலமும் இல்லை.

1924ஆம் ஆண்டு வெள்ளத்தைப் பற்றி நம் முன்னோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். 2018 ஆகஸ்டு வெள்ளத்தையோ நாமே கண்டோம். கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. முக்கொம்பில் கொள்ளிட மதகுகள் ஒன்பது உடைந்தன. கல்லும் இரும்பும் நிற்க முடியாத நீரில் நம் களையெடுக்கும் எஞ்சின் என்ன செய்யும்? அணைக்கு மேலே தேங்கிய நீர், ஏரி, ஓட்டம் தணிந்த வாய்க்கால் ஆகியவையே இதற்கு உரிய இடங்கள். அவற்றிலும் துடுப்பும் கழியும் படகில் இருந்தே தீர வேண்டும்.

சுழலும் தண்டு

மற்றோர் ஆபத்தையும் சொல்ல வேண்டும். பிரேசில் நாட்டு அமேசான் ஆற்றுப் பகுதியில், படகின் நடுவே திறந்து கிடந்த எஞ்சின் தண்டில் நீண்ட கூந்தல் சிக்கி, பெண்களும் சிறுமிகளும் தலைத்தோலையே இழந்த கொடுமை பல ஆண்டுகள் நிகழ்ந்தது. தண்டையும் எஞ்சினையும் கட்டாயமாக மூட வேண்டும் என்று 2009ஆம் ஆண்டில் அங்கே தனிச் சட்டம் வந்தது. சேலை உடுத்தி, கூந்தலைப் பின்னலிட்டு, படுகைக்கு வேலைக்குச் செல்லும் நம் சகோதரிகளை நினைத்துக்கொள்ளுங்கள். சேலை நெய்யும் நம் நெசவாள அங்கத்தினர்களுக்கு, முந்தானையின் நீளத்தைச் சொல்லித் தரவும் வேண்டுமோ? ஒரு முழத் தகடு மூடியிருந்தால் நேராத விபத்து அது.

ஓட்டுபவரின் மணிக்கட்டையும் எஞ்சினை நிறுத்தும் விசையையும் ஒரு கயிற்றால் பிணைக்க வேண்டும். அவர் நீரில் விழுந்தால் எஞ்சின் தானே நிற்கும். ஏறுவோர் அனைவருக்கும் மிதவைச் சட்டை வேண்டும். எண்ணெய் கலந்த பெட்ரோலில் ஓடும் எஞ்சின் எரியாத எண்ணெயை ஆற்றில் விடும். அது நாம் குடிக்கும் ஆறு என்பதை மறக்கலாகாது. மேலும், 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம், யந்திரத்தால் ஓடும் கலங்களுக்குப் பரிசோதனையையும் பதிவையும் விதித்திருக்கிறது. அதிகாரிகளைக் கேளாமல் ஆட்களை ஏற்றுவது தகாது.

ஒருவருக்கு ஒன்றா, ஊருக்கு ஒன்றா?

இவ்வளவையும் தனி ஒருவர் செய்வது கடினம். இங்கேதான் கூட்டுறவின் பயன் தெரிகிறது. கேரளக் கரையிலும் குமரி மாவட்டத்திலும் சிறு மீனவர்கள் ஊர்தோறும் சங்கம் அமைத்தார்கள். அச்சங்கங்களின் சம்மேளனம் 1980இல் தோன்றியது. பிடித்த மீனைச் சங்கமே ஏலம் விட்டு, விலையில் ஒரு பங்கைக் கடனுக்கும் சேமிப்புக்கும் வரவு வைத்தது. சம்மேளனம் மோட்டார்களைத் தருவித்துக் கொடுத்ததோடு நில்லாமல், பழுதுபார்க்கும் பட்டறைகளையும் நடத்தியது. மோட்டார் விற்பவர் பலர் உண்டு. கெட்டுப்போன மோட்டாருக்குத் துணை நிற்பவர் சிலரே. அந்தத் துணையாகச் சங்கம் நின்றது.

நாமும் அவ்வாறே செய்யலாம். படுகைக்கு ஒரு படகு, ஒரு எஞ்சின், பயிற்சி பெற்ற ஓட்டுநர் இருவர், எண்ணிக்கை குறையாத மிதவைச் சட்டைகள், வரவு செலவு எழுத ஒரு புத்தகம். இவை சங்கத்தின் பொறுப்பில் இருக்கட்டும். கோடையில் அதே எஞ்சின் சங்கத்தின் பம்பாக நீர் இறைக்கட்டும். தனித்தனியே வாங்கினால் எட்டாத நூலைச் சேர்ந்து வாங்கித் தறியை நிறுத்தாமல் காத்தவர்கள் நம் நெசவாளர்கள். அந்த வழி ஆற்றுக்கும் பொருந்தும்.

நிலத்து யந்திரம் நீரில் ஓடும், அதில் ஐயமில்லை. அது எந்த நீரில் ஓடலாம், எந்த நாளில் கரையிலேயே நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கும் பொறுப்பைத் தனி ஒருவரின் துணிச்சலுக்கு விடாமல், நாம் அனைவரும் கூடி ஏற்றுக்கொள்வோமாக.