மதகைத் திறக்க வேண்டாம்!

மதகு எப்போது திறக்கும் என்று விவசாயி காத்திருப்பது வழக்கம். "திறக்கவே வேண்டாம்" என்று அவரே கேட்டால்? வேடிக்கையல்ல! நம் கொங்கு நாட்டில் நடந்தது.

நொய்யல் ஆறு வெள்ளியங்கிரி மலையில் பிறக்கிறது. கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கிறது. சென்னிமலைக்கு அருகே, ஒரத்துப்பாளையத்தில், அதன் குறுக்கே ஓர் அணை. 1990-களின் தொடக்கத்தில், சுமார் 16 கோடி ரூபாய் செலவில் கட்டி முடித்தார்கள். கீழே கரூர் வரை காடுகரைகள் விளையும் என்று நம்பினார்கள்.

அதே காலத்தில் அணைக்கு மேலே திருப்பூர் வளர்ந்தது. பனியன் ஏற்றுமதி பெருகியது. சாயப்பட்டறைகளும் நூற்றுக்கணக்கில் பெருகின. எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்ட தொழில் அது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் மேலே பட்டறை, கீழே அணை. இரண்டையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்த்திருந்தால், சாயத் தண்ணீர் எங்கே போய் நிற்கும் என்பது பள்ளிப்பிள்ளைக்கும் தெரிந்திருக்கும்!

உப்பு வந்த வழி

பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். சாயம் துணியில் தங்கும். உப்பு கழிவுநீரோடு வெளியேறும். பொது சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. தண்ணீரின் நிறம் குறைந்தது. உப்பு அப்படியே இருந்தது. அணையில் தேங்கிய அந்த நீர் மண்ணுக்குள் இறங்கியது. சுற்றுவட்டாரக் கிணறுகள் உவர்த்துப் போயின. பாசனத்துக்காகக் கட்டிய அணை, கழிவு தேங்கும் குட்டையாயிற்று.

விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை சென்று, 2009-ல் அங்கே தீர்ப்பாயிற்று. அதன் பிறகும் கழிவு நிற்காததால், 2011 ஜனவரியில் சென்னை ஐகோர்ட்டு எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடச் சொன்னது. இப்போது தொழிலாளர் வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன. தண்ணீரையும் உப்பையும் பிரித்தெடுத்து மறுபடி பயன்படுத்தும் இயந்திரங்களுக்குக் கோடிக்கணக்கில் செலவாயிற்று.

முன்கூட்டியே கேட்கும் சட்டம்

பெரிய திட்டங்களால் நிலத்துக்கும் நீருக்கும் என்ன கேடு வரும் என்று தொடங்குமுன்பே ஆராய வேண்டும் என்ற கட்டாய விதி, 1994 ஜனவரியில்தான் நம் நாட்டில் வந்தது. அதற்குள் அணை எழுந்துவிட்டது! 2006-ல் விதியைத் திருத்தினார்கள். அதன் பட்டியலில் பொது சுத்திகரிப்பு நிலையம் உண்டு. தனித்தனிச் சாயப்பட்டறை இல்லை. ஒரு பட்டறை சிறியதுதான். எழுநூறு பட்டறை சேர்ந்தால் சிறியதா? இதை ஊரின் நில உபயோகத் திட்டம் போடுகிறவர்கள்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கும் 2006 விதியில் முறை உண்டு. கலெக்டரோ அவர் அனுப்பும் அதிகாரியோ தலைமை வகிப்பார். திட்டச் சுருக்கம் தமிழில் இருக்க வேண்டும். கலெக்டர் ஆபீசில் போய்ப் பார்க்கலாம். கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே தமிழ்ப் பத்திரிகையில் அறிவிப்பு வரும். பெரும்பாலும் பொடி எழுத்தில், ஏதாவதொரு மூலையில் இருக்கும்.