மூக்கை ஏமாற்றும் உப்பு

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு சின்ன டப்பா இருக்கிறது. திறந்தால் அவித்த முட்டை வாசம் குப்பென்று அடிக்கும். உள்ளே முட்டை கிடையாது, வெறும் உப்புதான்!

இறைச்சி, மீன், முட்டை, பால், தேன் எதையும் தொடாத சமையலுக்கு வீகன் சமையல் என்று பெயர். 1944-இல் இங்கிலாந்தில் பிறந்த சொல் அது. என் அக்கா மகள் வீகனாக மாறியதும் எங்கள் அஞ்சறைப்பெட்டிக்குப் பல ஊர் விருந்தாளிகள் வந்து சேர்ந்தார்கள்.

முதலில் வந்தது இந்தக் கறுப்பு உப்பு. வடநாட்டில் காலா நமக் என்பார்கள். பெயர்தான் கறுப்பு, பொடித்தால் இளஞ்சிவப்பு. பானிபூரித் தண்ணீரில் நீங்களும் ருசித்திருப்பீர்கள். பாறை உப்போடு கடுக்காய், கரி போன்றவற்றைச் சேர்த்துச் சூளையில் சுடும்போது கந்தகச் சேர்மங்கள் உண்டாகின்றன. அவற்றிலிருந்து வருகிற ஹைட்ரஜன் சல்ஃபைடுதான் அவித்த முட்டையிலும் மணக்கிறது. மூக்குக்கு மூலக்கூறு மட்டுமே தெரியும். அது கோழி வீட்டிலிருந்து வந்ததா, சூளையிலிருந்து வந்ததா என்றெல்லாம் விசாரிக்காது.

சோயாப் பாலில் செய்த டோஃபுவை உதிர்த்து, மஞ்சள்தூள் போட்டு வதக்கி, இறக்கியபின் இந்த உப்பைத் தூவினால் முட்டைப் பொரியல் தோற்றுவிடும். முன்னாலேயே போட்டால் சூட்டில் வாசம் பறந்துவிடும்.

அடுத்த விருந்தாளி ஸ்பெயின் நாட்டு லா வேராவின் மிளகாய்த்தூள். அங்கே அறுவடைக் காலத்தில் மழை வந்துவிடும், வெயிலை நம்பிக் காயவைக்க முடியாது. அதனால் ஓக் விறகின் புகையில் சுமார் இரண்டு வாரம் உலர்த்துகிறார்கள். ஒரு சிட்டிகை போட்டால் சுண்டல்கூட விறகடுப்பில் வெந்ததுபோல் மணக்கும்.

எனக்குப் பிடித்தது சீனத்துச் சிச்சுவான் மிளகு. பெயர்தான் மிளகு, உண்மையில் எலுமிச்சைக் குடும்பம். நம் கறிவேப்பிலையும் அதே குடும்பம்தான். கறுப்பு விதையை எடுத்துவிட்டு, சொரசொரப்பான தோலை மட்டும் நுனி நாக்கில் வைத்துப் பார்த்தேன். முதலில் எலுமிச்சை வாசம். கொஞ்ச நேரத்தில் நாக்கும் உதடும் விர்ரென்று துடித்தன, பிறகு மரத்துப்போயின.

மிளகாய் நம் நரம்பிடம் 'சுடுகிறது' என்று பொய் சொல்லும். இந்த மிளகில் உள்ள சான்ஷூல் 'அதிர்கிறது' என்று பொய் சொல்கிறது. எவ்வளவு வேக அதிர்வு? லண்டன் விஞ்ஞானிகள் சிலருடைய உதட்டில் இதைத் தடவி, விரலில் ஓர் அதிர்வுக் கருவியை வைத்து இரண்டையும் ஒப்பிடச் சொன்னார்கள். 2013-இல் வந்த விடை: நொடிக்கு சுமார் 50 தடவை. நம் வீட்டு மின்சாரமும் நொடிக்கு 50 சுற்றுதான். தற்செயல்தான், இருந்தாலும் மறக்க முடியவில்லை.

வாசனைப் பொருளை வாங்கினால் மட்டும் போதாது, வாசம் போகாமல் வைக்கவும் தெரிய வேண்டும். ஆசைப்பட்டு ஒருமுறை கால் கிலோ சீரகப்பொடி வாங்கி அடுப்பை ஒட்டி வைத்தேன். ஆறே மாதத்தில் மரத்தூள் மாதிரி ஆகிவிட்டது. முழுச் சீரகம் தன் வாசனை எண்ணெயை உள்ளே பூட்டி வைத்திருக்கும். பொடித்தால் காற்றுபடும் பரப்பு பல மடங்கு கூடும். பக்கத்தில் அடுப்புச் சூடு வேறு!

இப்போது முழுசாக, 50 கிராம் மட்டுமே வாங்குகிறோம். அக்கா மகள் ஒவ்வொரு டப்பாவிலும் வாங்கிய மாதத்தை எழுதி ஒட்டுகிறாள். ஒன்றில் மட்டும் இப்படி எழுதியிருக்கிறாள்: "பாட்டி, கெட்டுப்போகலை. தூக்கிப் போட்டுடாதே!"